தெரியாது என்று சொல்லத் தெரிந்த நூரக்கா

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ் காவிரிப் பாலத்தின் மேல் ஏறியபோது அந்தச் செய்தி வந்தது. ஆடி மாதம். ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்ததில், பஸ் நின்றுவிட்டது போலவும் பாலம்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு மேற்கே நகர்ந்துபோவது போலவும் ஒரு மயக்கம். கைப்பையில் போன் அதிர்ந்தது. பெங்களூரிலிருந்து நூரக்காவின் தம்பி அனுப்பியிருந்தார். உருது எழுத்து. எனக்கு உருது காதால் கேட்டால் கொஞ்சம் புரியும், படிக்கத் தெரியாது. எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அந்த வரியை அழுத்திப் பிடித்து, தமிழில் காட்டு என்று போனிடம் கேட்டேன்.

"நூர்ஜஹான் இன்று காலை இடமாற்றம் செய்யப்பட்டார். அனைவரும் பிரார்த்தனை செய்யவும்" என்றது போன்.

இதய சிகிச்சைக்காக நூரக்கா பெங்களூருக்குத் தம்பி வீட்டோடு போயிருந்தார். வேறு வார்டுக்கு மாற்றியிருப்பார்கள், அல்லது வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். "எந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று தட்டச்சு செய்து அனுப்பவும் செய்தேன். பஸ் பாலத்தை விட்டு இறங்குவதற்குள் தம்பியே கூப்பிட்டுவிட்டார்.

"நாயகிம்மா, அக்கா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள திருச்சிக்குக் கொண்டு வந்துடுவோம்."

உருதுவில் 'இன்தகால்' என்றால் இடம் மாறுவது. இறந்துபோவதும் அதுவே. நிலத்தின் பட்டா கைமாறினாலும் அந்தச் சொல்தான், மனிதர் போனாலும் அந்தச் சொல்தான். போன் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டது. சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பழக்கடை நிழலில் வெகுநேரம் நின்றேன். யாரோ கன்னடத்தில் வழி கேட்டார்கள், யாரோ தெலுங்கில் பேரம் பேசினார்கள். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது.

உங்களில் பலர் நூரக்காவை அறிவீர்கள். மன்னார்புரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த எங்கள் மொழிபெயர்ப்பு அறைக்கு ஒரு தடவையாவது படியேறி வந்திருப்பீர்கள். மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்து, கல்யாணப் பதிவுச் சான்றிதழை அரபியில் எழுத வேண்டி வந்திருக்கும். மகள் ஜெர்மனிக்குப் படிக்கப்போக, மதிப்பெண் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். ஜன்னல் பக்க மேஜையில், தலையில் முக்காடும் மூக்கில் கண்ணாடியுமாக ஒருவர் இருப்பாரே, அவர்தான். "வாங்க, உக்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை வாங்குவார்.

அவர் பாலக்கரைக்காரர். வீட்டில் உருது, தெருவில் தமிழ், மதரஸாவில் அரபி. கல்யாணமாகி கணவரோடு சில வருஷம் மஸ்கட்டில் இருந்தபோது, அங்கே ஆஸ்பத்திரிக்கு வரும் நம்மூர்ப் பெண்களுக்குப் பேச்சுத் துணையாகப் போய்வந்ததில் ஹிந்தியும் மலையாளமும் சேர்ந்துகொண்டன. கணவர் காலமான பிறகு ஊருக்குத் திரும்பினார். நான் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கையேடுகளைத் தமிழில் எழுதும் பிரிவில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். ஒரு வக்கீல் அலுவலகத்து வராண்டாவில் ஒரே பத்திரத்தின் இரண்டு பாதிகளை மொழிபெயர்க்க வந்த இடத்தில் சந்தித்தோம். என் பாதியைப் படித்துவிட்டு, "உங்க தமிழ் நல்லா இருக்கு. ஆனா இந்த இடத்துல உங்களுக்குப் புரியல, புரிஞ்ச மாதிரி எழுதிட்டீங்க" என்றார். சரியாகத்தான் சொல்லியிருந்தார். அந்த மாதக் கடைசியிலேயே சேர்ந்து அறை பிடித்துவிட்டோம்.

கடந்த சில வருஷங்களாக எங்களிடம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. எந்த ஆப் நல்லது? எந்தக் கம்பெனியை நம்பலாம்? எங்கள் பிழைப்பே போகிற கேள்வி அது என்று எனக்குச் சுருக்கென்று இருக்கும். நூரக்காவுக்கு அப்படி இல்லை. அவர் போனில் நாலைந்து மொழிபெயர்ப்புச் செயலிகள் இருந்தன. புதிதாக எது வந்தாலும் முதலில் இறக்கிப் பார்ப்பது அவர்தான். பஸ்ஸுக்கு வழி கேட்க இது போதும், கடையில் சாமான் வாங்க அது நல்லது, மருந்துச் சீட்டுக்கும் கோர்ட் காகிதத்துக்கும் எதையும் தனியாக நம்பாதீர்கள் என்று பொறுமையாகச் சொல்வார். ஒருநாள் கேட்டேன், உங்களுக்கு இதன்மேல் கோபமே வராதா என்று.

"கோவம் எதுக்கு? போன் பொய் சொல்லாது நாயகி. ஆனா தெரியாதுன்னும் சொல்லாது. அதான் அதுகிட்ட எனக்குப் பயம்" என்றார்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் எடைபோட்டார். தொட்டியம் பக்கத்திலிருந்து வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் ஒருவர் வந்தார். நிறைய வேலை, எங்கள் இரண்டு பேரால் ஆகாது, வெளியூரில் நம்பகமான ஆள் யாரையாவது கைகாட்டுங்கள் என்றார். நூரக்கா ஒரு பக்கம் தமிழில் எழுதினார். நடுவில், "பழங்களைக் குமிலிப்பு செய்தபின் பெட்டியில் அடுக்கவும்" என்று ஒரு வரி. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அவரே கட்டியது. அதைப் பல ஊர் நிறுவனங்களுக்கு மாதிரி வேலையாக அனுப்பினார், செயலிகளுக்கும் கொடுத்தார். ஒன்று பழத்தைக் கழுவியது. ஒன்று புகை போட்டது. ஒரு பெரிய நகரத்து நிறுவனம் அழகான அரபியில் பழத்தை வரிசைப்படுத்தி அனுப்பியது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க லாத்தா, குமிலிப்புன்னா என்ன? நானும் எங்க வாப்பாகிட்ட, பக்கத்து வீட்டுல எல்லாம் கேட்டுப் பார்த்துட்டேன்."

நூரக்கா போனைப் பொத்திக்கொண்டு, அன்று மறுபடி வந்து உட்கார்ந்திருந்த அந்த வியாபாரியைப் பார்த்துச் சொன்னார். "உங்க ஆளு கிடைச்சுட்டாங்க."

சில சாயங்காலங்களில் வேலை முடிந்து என்னோடு ஸ்ரீரங்கத்துக்கு வருவார். கோவிலுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் உட்கார்ந்திருப்போம். தண்ணீர் இல்லாத மாதங்களில் மணல் மட்டும் வெளுத்து, தூரத்து ரயில் பாலம் வரை ஒரு வெள்ளைத் தூக்கம் போலக் கிடக்கும். அப்படி ஒருநாள் தனக்கு வந்த கனவைச் சொன்னார். ஒரு பெரிய கூடம், உலகத்து ஜனங்களெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு பாஷையில் பேசுகிறார்கள், எல்லோருக்கும் எல்லாம் புரிகிறது. "நான் மட்டும் வாசல்ல நிக்கிறேன். யாரும் கூப்பிடல. எனக்கு வேலையே இல்ல." வருத்தமாக இருந்ததா என்று கேட்டேன். "இல்ல நாயகி. ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியா தூங்குனேன்" என்றார். எதிர்க்கரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அந்தக் கூடத்தை நானும் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது எனக்கு.

அவரைப் பற்றிப் பேசினால் எத்வாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அந்தப் பகல் முழுக்க நான் கூட இருந்தேன். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

எத்வா, ஜார்க்கண்ட் மலைப்பக்கத்திலிருந்து வந்து திருவெறும்பூருக்கு அப்பால் ஒரு இரும்புக் கட்டுமானக் கூடத்தில் வேலை பார்த்த இளைஞன். ஒருநாள் காலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தலையிலும் அடி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவனுக்கு அரை மயக்கம், பேச்சு குழறல். அவன் ஊர்க்காரர்கள் வேறு யாரும் அந்தக் கூடத்தில் இல்லை, கூட இருந்தது மனைவி பூல்மணி மட்டும். அந்த வாரம்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள், இருபது வயதுகூட இருக்காது. டாக்டர்கள் கேட்டதையெல்லாம் கூடத்து மேற்பார்வையாளர் போனில் ஹிந்தியாக்கிக் காட்ட, அவளும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருந்தாள். பிற்பகலில் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் அவள் அழுகையை நிறுத்தவில்லை. அதைக் கண்டு மனம் கேட்காத நர்ஸ் ஒருவர் நூரக்காவுக்கு போன் செய்தார். ஹிந்தியில் ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போங்கம்மா, அவ்வளவுதான்.

வெளியே மழை இருட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில் விளக்குகள் பகலிலேயே எரிந்தன. ஈரத் தரையில் அவை தலைகீழாக மிதந்தன. அதன் கடைசியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் பூல்மணி. அருகே போவோர் வருவோர் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு "அம்... அம்..." என்றாள்.

"பாவம், அவங்க அம்மாவைக் கூப்பிடுது" என்றார் நர்ஸ்.

நூரக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஹிந்தியில் பேசினார். சாப்பிட்டாயா என்றார். தலையை ஆட்டினாள். பயப்படாதே என்றார். தலையை ஆட்டினாள். உன் பெயர் பூல்மணிதானே என்றார். ஆட்டினாள். நூரக்கா சற்று நிறுத்தினார். பிறகு அதே குரலில், அதே கனிவோடு, "உன் புருஷன் ஒரு யானைதானே?" என்று கேட்டார்.

பூல்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

நூரக்கா எழுந்து நேரே டாக்டரிடம் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"டாக்டர், இந்தப் பொண்ணுக்கு ஹிந்தி தெரியாதுங்க. பேரைத் தவிர ஒண்ணும் புரியல. காலைல அவ சொன்னது பதிலே இல்ல. தலையை ஆட்டியிருக்கா, அவ்வளவுதான்."

டாக்டர் நல்ல மனிதர், ஆனால் அவசரத்தில் இருந்தார். "மேடம், எல்லாமே கேட்டாச்சு. வேற வியாதி இல்ல, மருந்து ஒத்துக்காம போனதில்ல, ஆபரேஷனுக்குச் சம்மதம். போன்ல தெளிவா காட்டினாங்களே."

"வாங்க, நீங்களே கேளுங்க."

வந்தார். மேற்பார்வையாளரின் போனில் அவரே அந்த யானைக் கேள்வியைத் தமிழில் சொன்னார். போன் அழகான ஹிந்தியில் அதைத் திருப்பிச் சொன்னது. பூல்மணி தலையை ஆட்டினாள். மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார். டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நூரக்காவைப் பார்த்தார்.

"சரி. அப்போ அவங்க பாஷை என்ன?"

"தெரியாதுங்க."

"தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதுவும் தெரியாதுங்க. ஆனா அவ திரும்பத் திரும்ப ஒண்ணையே சொல்றா டாக்டர். அது என்னன்னு தெரியாம கத்தி வைக்காதீங்க."

"திறந்த காயம் மேடம். ரொம்ப நேரம் என்னால காத்திருக்க முடியாது. சீழ் பிடிச்சா காலே போயிடும்."

நூரக்காவின் முகம் அப்போது வெளுத்ததைப் பார்த்தேன். "முடிஞ்ச வரைக்கும் இருங்க" என்று மட்டும் சொன்னார்.

பூல்மணி பேசுவதை போனில் பதிவு செய்தார். தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார். இது என்ன பாஷை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஒரு உயிர் சம்பந்தப்பட்டது. பதில்கள் வரத் தொடங்கின. ஒடியாவா இருக்கலாம். சந்தாலியோ? தெரியலங்க அக்கா. தெரியல என்று சொன்னவர்களுக்கெல்லாம் அந்த நெருக்கடியிலும் நன்றி சொல்லிப் பதில் போட்டார். கடைசியில் பொன்மலையில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் கூப்பிட்டார். ராஞ்சிப் பக்கம் வேலை பார்த்தவர். "பாஷை எனக்குப் புரியாதும்மா. ஆனா அங்க ஒராவ்னு ஒரு ஜனங்க உண்டு, அவங்க பேச்சோட ராகம் இப்படித்தான் இருக்கும். அந்த பாஷையைக் குடுக்குன்னு சொல்லுவாங்க. அவங்கள்ல நிறைய பேர் கிறிஸ்தவங்க. நம்மூர் கன்னியர் மடங்கள்ல அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க இருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க."

எங்கள் போன்களில் இருந்த எந்தச் செயலியிலும் குடுக் இல்லை. "நீங்க போங்க நாயகி. நான் இங்க இருக்கேன். நான் நகர்ந்தா அவங்க உள்ள கொண்டுபோயிடுவாங்க" என்றார் நூரக்கா.

ஆட்டோ பிடித்தேன். மழை பிடித்துக்கொண்டது. முதல் மடத்தில் கேரளத்துச் சகோதரிகள்தான் இருந்தார்கள். இரண்டாவதில் கேட் திறக்கவே நேரமாயிற்று. அங்கிருந்த மூத்த சகோதரி ஒருவர், வேறொரு மடத்தின் குழந்தைகள் இல்லத்தில் ஜார்க்கண்ட் சகோதரி ஒருவர் இருப்பதாக ஞாபகம் என்றார். மழையில் தெருக்கள் கரைந்து, நான் பிறந்து வளர்ந்த ஊரே முன்பின் பார்க்காத ஊர் போல இருந்தது. இந்த ஊரில் எத்தனை பாஷைகள் மூடிய கதவுகளுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கின்றனவோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

குழந்தைகள் இல்லத்தின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே சகோதரி அஞ்சலா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சிறு உருவம், கறுத்த அமைதியான முகம். நான் எதையும் விளக்கவில்லை. போனை நீட்டி அந்தப் பதிவை ஓடவிட்டேன்.

அவர் கையில் ஒரு நனைந்த போர்வை இருந்தது. அதைக் கொடியில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார். வெகு தூரத்தில் யாரோ தன்னைச் சிறுவயதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல அவர் முகம் திரும்பியது. பதிவு முடிந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இது எங்க வீட்டு பாஷை" என்றார் தட்டுத்தடுமாறிய தமிழில். பிறகு குரல் மாறிற்று. "இந்தப் பொண்ணு யாரு? ஏன் தண்ணி குடுக்க மாட்டேங்கறாங்க?"

"தண்ணியா?"

"அம். அம்னா தண்ணி. அவருக்குத் தண்ணி குடுங்க, தண்ணி இல்லன்னா அவர் செத்துடுவார். அதான் சொல்லுது, திரும்பத் திரும்ப."

ஆட்டோவிலிருந்தே நூரக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, அவ அம்மாவைக் கூப்பிடல. அவனுக்குத் தண்ணி கேக்குறா." ஆபரேஷனுக்காகக் காலையிலிருந்து எத்வாவுக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கவில்லை. மறுமுனையில் நூரக்கா, "ஏன் தண்ணி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சகோதரிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சகோதரியைப் பூல்மணியோடு பேசவைப்பதற்குள் மழையில் இணைப்பு அறுந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எத்வாவைப் படுக்கை வண்டிக்கு மாற்றியிருந்தார்கள். நூரக்கா அந்த வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சகோதரி அஞ்சலா பூல்மணியிடம் போய் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். அந்தப் பெண் அவர் வெள்ளைச் சேலையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு, அணை திறந்தது போலப் பேசினாள். அவள் சொல்வதைச் சகோதரி ஹிந்தியில் சொன்னார். நூரக்கா அதை டாக்டருக்குத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் நூரக்கா தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சகோதரியிடம் சொல்லி, சகோதரி அதைத் திருப்பிப் பூல்மணியிடம் சொல்லி, அவள் ஆமாம் என்ற பிறகே அடுத்த வரி. டாக்டர் குறுக்கிடவில்லை.

எத்வாவின் குடும்பத்தில் ரத்தத்தில் ஒரு நோய். குளிர் பட்டாலோ தண்ணீர் குடிக்காவிட்டாலோ எலும்பெல்லாம் முறிவது போல வலிக்கும். அவன் அண்ணனுக்கும் இருந்தது. அண்ணனுக்கு வயிற்றில் ஏதோ ஆபரேஷன் செய்தார்கள், செய்து முடித்து எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் ஊர் டாக்டர் எத்வாவிடம், நீ எங்கே போனாலும் தண்ணீரை மட்டும் விட்டுவிடாதே, எந்த ஆஸ்பத்திரியில் படுத்தாலும் இதை முதலில் சொல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவனால் சொல்ல முடியவில்லை. அதனால் அவள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் படுக்கை வண்டியைத் திருப்பச் சொன்னார். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துகொள்ளும் பரம்பரை நோய் என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாயிற்று. எலும்பு ஆபரேஷனில் காலை இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது வழக்கமாம். இவனுக்கு அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் முழுதாகச் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு நூரக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். காயத்தை மட்டும் சுத்தம் செய்து கட்டி, நரம்பு வழியாக நீர் ஏற்றி, ரத்தம் கொடுத்து, அதற்கென்ற நிபுணரை வரவழைத்து மறுநாள் ஆபரேஷன் செய்தார்கள். எத்வா பிழைத்தான். நடையில் மட்டும் கொஞ்சம் சாய்வு தங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். நூரக்கா அதைக் குடிக்காமல் படியில் வைத்தார்.

"நான் தப்பா இருந்திருந்தா? அவ சும்மா அம்மாவைத்தான் கூப்பிட்டிருந்தா? நான் நிறுத்தி வச்சதுல அந்தப் புள்ள கால் போயிருந்தா?"

"அப்படி ஆகலையே அக்கா."

"ஆகல. அல்லாஹ் காப்பாத்துனான். ஆனா ஆகியிருக்கலாம் நாயகி. உள்ள நின்னுட்டிருந்தப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாதுங்கறது மட்டும்தான் தெரியும்."

அவரை எல்லோரும் கொண்டாடிய அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் கடைசிவரை பேசியது இந்தப் பயத்தைத்தான். பெருமையை அல்ல.

பூல்மணி சில மாதம் இங்கேயே இருந்தாள். சகோதரி அஞ்சலாவோடு எங்கள் அறைக்கு வருவாள். மலையடிவாரத்தில் பேசும் அந்த மொழி தமிழுக்குத் தூரத்து உறவு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்களுக்கும் பல் என்றால் பல்தான். நீ என்பதற்கு நீன். நம் பழைய நிகண்டுகளில் அம் என்றால் நீர் என்று இருக்கிறது. நான் அதைச் சொன்னபோது நூரக்கா குழந்தை போலக் கைதட்டினார். எல்லா பாஷையிலும் அவர் முதலில் கற்றுக்கொள்ளும் வாக்கியம் ஒன்றே. 'எனக்குப் புரியவில்லை.' குடுக்கிலும் அதைக் கற்றுக்கொண்டார். பூல்மணிக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். "எனக்குப் புரியலைங்க" என்று அவள் தெருவெல்லாம் கேட்கச் சொல்லிப் பழகுவாள். "தலையை மட்டும் ஆட்டாதே கண்ணு. அதைச் சத்தமா சொல்லு. அதுல வெக்கமே இல்ல" என்பார் நூரக்கா.

பெங்களூர் போவதற்கு முன் ஒரு நாள் படியேற முடியாமல், கீழே ஜெராக்ஸ் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகம் மெலிந்திருந்தது, கண் மட்டும் பழையபடி. கொஞ்ச நேரம் போகிற வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "எல்லா பாஷையும் ஒரே இடத்துலேர்ந்துதான் புறப்பட்டிருக்கும்னு தோணுது நாயகி. யாரோ யார்கிட்டயோ தண்ணி கேட்டிருப்பாங்க" என்றார். பிறகு ஆட்டோ வந்துவிட்டது. போயிட்டு வரேன் என்றுதான் சொன்னார்.

அன்று பாலக்கரையில் அவரைக் கொண்டுவந்து கிடத்தியபோது வீடு கொள்ளாமல் ஜனம். காயல்பட்டினத்துப் பெண் வந்திருந்தார். சகோதரி அஞ்சலா வந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் என் தோளோடு ஒட்டி அமர்ந்தார். உருதுவிலும் தமிழிலும் மலையாளத்திலும் மெல்லிய குரல்கள் எழுந்து கலந்தன. எது யார் சொன்னது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, பிரிக்கத் தோன்றவும் இல்லை. ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது சகோதரி என் கையைப் பிடித்துத் தன் பாஷையில் ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். நேபாளத்திலிருந்து வந்து காவல் வேலை பார்ப்பவரின் மகள், வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். அம்மாவை வரச்சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஓரளவு ஹிந்தி வரும், நானும் நூரக்காவிடம் ஹிந்தி பேசப் பழகியிருந்தேன், அதனால் நான். தலைமையாசிரியையின் பெரிய மேஜைக்குப் பின்னால், அவருக்கு அடுத்து எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் அந்த அம்மா, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, தனியாக. நூரக்கா எத்தனையோ அலுவலகங்களில், காவல் நிலையங்களில், ஆஸ்பத்திரிகளில் செய்து நான் பார்த்தது ஞாபகம் வந்தது. ஒருதடவைகூட அதற்குக் காரணம் சொன்னதில்லை, எனக்கும் செய்யச் சொன்னதில்லை. கூப்பிட்டவர் யாராக இருந்தாலும், கூலி தருகிறவர் யாராக இருந்தாலும், மொழி இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய்த்தான் அவர் உட்காருவார்.

தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த நாற்காலியைத் தூக்கினேன். கனமான தேக்கு நாற்காலி. சுற்றிக்கொண்டு வந்து, அந்த அம்மாவின் முழங்கையில் என் முழங்கை படுகிற மாதிரி போட்டு உட்கார்ந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முந்தானையை விட்டாள். பேசத் தொடங்கினாள்.

நூரக்காவின் அரபி எனக்கு வராது, அவருடைய பொறுமையும் வராது. இந்தப் பக்கம் மட்டும் வந்திருக்கிறது. இனி இங்கேதான் உட்காருவேன்.